ரோட்டரி எஞ்சின் காருக்கு எந்தச் சைலன்சர்? வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின் கார்களின் சைலன்சரைப் பற்றியே இருந்தன. திருகோணமலை மாவட்டத்தில் இந்தக் கார்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான் என்றாலும், வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே குழப்பம். சார்ஜாவில் கராஜ் வேலை செய்த காலத்தில் இந்த எஞ்சின்களோடு நிறையப் பழகியிருக்கிறேன். இப்போது உப்புவெளியில் என் சொந்தக் கராஜிலும் அவ்வப்போது ஒன்று வந்து நிற்கும். எனக்குப் பிடித்த எஞ்சின் இது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். மற்றக் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.

*

கேள்வி: அண்ணா, என்னிடம் 2004ஆம் ஆண்டு மஸ்டா ஆர்எக்ஸ்-8 இருக்கிறது. ஆறு கியர், 250 குதிரைவலு உள்ளது. பின் சைலன்சர் கறள் பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. மூன்று வழி சொல்கிறார்கள். ஜப்பானில் இருந்து முழு செட் எடுப்பது ஒன்று. கொழும்பில் எல்லாக் காருக்கும் பொதுவான சைலன்சர் ஒன்றை வாங்கி இங்கே வெட்டி ஒட்டுவது இன்னொன்று. பைப் வாங்கி முழுவதையும் இங்கேயே செய்விப்பது மூன்றாவது. புகையைச் சுத்தம் செய்யும் கொன்வேட்டரையும் கழற்றிவிட்டு நேர் பைப் போட்டால் 30 குதிரைவலு கூடும் என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள். எதைத் தெரிவு செய்யட்டும்?
– எஸ். பி., உவர்மலை

பதில்: தம்பி, சைலன்சருக்குக் காசு எடுத்து வைக்க முன்னம் எஞ்சினின் கம்பிரஷன், அதாவது உள்ளே காற்றை அழுத்தும் பலம், பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வேறு காராக இருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டேன். ரோட்டரியில் புகை போகும் பாதையையும் எஞ்சினின் ஆயுளையும் பிரித்துப் பார்க்க முடியாது.

காரணம் சூடுதான். சாதாரண எஞ்சினில் வால்வு படிப்படியாகத் திறக்கும். ரோட்டரியில் வால்வே கிடையாது. ரோட்டர் சுழன்று வந்து துவாரத்தைத் திறந்துவிடும். எரியும் அறையும் நீண்டு ஒடுங்கியது என்பதால் பெற்றோல் எரிந்து முடிய முன்னமே வாயு வெளியேறத் தொடங்கிவிடும். அதாவது உங்கள் பைப்புக்குள் போவது எரிந்து முடிந்த புகை இல்லை, இன்னும் எரிந்துகொண்டிருக்கும் வாயு. பழைய ஆர்எக்ஸ்-7இல் இந்தத் துவாரம் ரோட்டர் உரசி ஓடும் வெளிச்சுவரில் இருந்தது. உங்கள் காரின் ரெனெசிஸ் எஞ்சினில் அதைப் பக்கச் சுவருக்குக் கொண்டுபோனார்கள். காற்று உள்ளே வரும் துவாரமும் புகை வெளியே போகும் துவாரமும் ஒரே நேரத்தில் திறந்திருக்காதபடி அமைத்தார்கள். அதனால் எரியாத பெற்றோல் வெளியே போவது நன்றாகக் குறைந்தது. ஆனால் நடுத் துவாரம் இரண்டு ரோட்டருக்கும் பொதுவானது. அது ஆறுவதற்கு நேரமே கிடைக்காமல் சூடு வாங்கும்.

இப்போது நான் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ஆர்எக்ஸ்-8இல் நான்கு பிளக், அவற்றின் பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் நான்கு இக்னிஷன் கொயில். இந்தக் கொயில்கள் வயது போனால் மெல்ல மெல்லப் பலம் இழக்கும். பொறி தவறும்போது எரியாத பெற்றோல் நேராகக் கொன்வேட்டருக்குள் போய், அங்கே தீப்பிடிக்கும். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற சல்லடை உருகி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் சூடான வாயு திரும்பி எஞ்சினில் மோதும். வாயு கசியாமல் தடுக்கும் ரோட்டரின் பக்க சீல்கள், அவற்றின் ஸ்பிரிங்குகள், தண்ணீர் சீல்கள் எல்லாம் அந்தச் சூட்டில் வேகும். கியர் லீவரின் அடியில் இருந்து தொடைக்குச் சூடு அடிக்கிறதா, மேட்டில் ஏறும்போது கார் மூச்சு வாங்குகிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் சைலன்சர் ஓட்டை உங்கள் பிரச்சினையே இல்லை.

பார்ப்பது கஷ்டமில்லை. கொன்வேட்டருக்கு முன்னால் உள்ள ஒக்சிஜன் சென்சரைக் கழற்றி, அந்த இடத்தில் குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்றைப் பூட்டி, எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுற்றில் பிடியுங்கள். 3 பிஎஸ்ஐயைத் தாண்டினால் அடைப்பு இருக்கிறது. கேஜ் இல்லையா, கொன்வேட்டரைக் கழற்றி ஒரு பக்கத்தில் ரோச் லைட் அடித்து மறுபக்கம் பாருங்கள். வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வர வேண்டும். றப்பர் சுத்தியலால் தட்டும்போது உள்ளே கிலுகிலுவென்றால் சல்லடை உடைந்துவிட்டது.

கம்பிரஷன் பார்க்க ரோட்டரிக்கென்றே உள்ள கருவிதான் சரி. பிஸ்டன் எஞ்சின் கேஜ் மிக உயர்ந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகக் காட்டாது. அதன் உள் வால்வைக் கழற்றிவிட்டுப் பூட்டினால் ஓரளவு விளங்கும். ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது ஊசி துள்ளித் துள்ளி ஆடும். ரோட்டருக்கு மூன்று முகம், அந்த மூன்று துள்ளலும் ஒரே உயரத்தில் வர வேண்டும். ஒன்று தாழ்ந்து வந்தால் அந்தப் பக்கத்தில் சீல் தேய்ந்திருக்கிறது. எண் தெரிய வேண்டுமென்றால், சூடான எஞ்சினை 250 சுற்றில் சுற்றி அளக்கும்போது 830 கிலோபாஸ்கல் புது எஞ்சின் அளவு. 680க்குக் கீழே இறங்கினால் எஞ்சின் பிரிக்கும் காலம் வந்துவிட்டது. அந்த நிலையில் உள்ள காருக்கு விலை கூடிய சைலன்சர் வாங்குவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இனி அந்த 30 குதிரைவலுக் கதை. கிடையாது தம்பி. உங்கள் காரின் 250 குதிரைவலு 8500 சுற்றில் வருகிறது. அது துவாரங்களின் அமைப்பிலும் உள்ளே காற்றுப் போகும் குழாய்களின் நீளத்திலும் இருந்து எடுத்த பலம். கொன்வேட்டருக்குப் பின்னால் உள்ள கம்பனிப் பைப் எஞ்சினின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கவில்லை. பின்பக்கம் முழுவதையும் மாற்றினாலும் கூடுவது ஒற்றை இலக்கம். அதுவும் மேல் சுற்றில்தான், உவர்மலை ஏற்றத்தில் அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. சத்தம் கூடியதும் வேகம் கூடியதாகக் காதுக்குத் தோன்றும், பலருக்கு நடப்பது அதுதான்.

கொன்வேட்டரை எடுத்துவிட்டு நேர் பைப் போடுவதை நான் செய்து கொடுப்பதில்லை. பெற்றோல் மணம் காருக்குள் வரும், எச்சரிக்கை விளக்கு எரியும், ஆண்டு தோறும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் எடுத்தால்தான் வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கலாம் என்பதும் உங்களுக்குத் தெரியும். இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிய விஷயம், பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்று. உங்கள் கொன்வேட்டர் செத்துப் போயிருந்தால், உலோகத் தகட்டால் செய்த 200 செல் (சதுர அங்குலத்துக்கு 200 துளை) கொன்வேட்டர் ஒன்று போடுங்கள். சூட்டுக்குத் தாங்கும், வாயுவும் இலகுவாகப் போகும். மலிவான பீங்கான் சல்லடைக் கொன்வேட்டர் இந்த எஞ்சினின் சூட்டில் நிலைக்காது.

சரி, மூன்று வழியில் எது? நான் நாலாவது வழி ஒன்று சொல்கிறேன். பின் சைலன்சரையும், முழக்கத்தைக் குறைக்க நடுவில் வரும் ரெசனேட்டர் பெட்டியையும் நல்ல தயாரிப்பாக வெளியில் இருந்து எடுங்கள். பைப்பை மட்டும் இங்கே செய்யுங்கள். பணத்தில் பெரும்பகுதி போக வேண்டியது அந்த இரண்டு பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்பதற்குத்தான். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே சாதாரண கண்ணாடி நார் அடைத்திருந்தால், ரோட்டரியின் சூட்டில் அது கருகித் தூளாகி பைப்பின் வால் முனை வழியே பறந்துவிடும். பிறகு மிஞ்சுவது வெறும் தகரப் பெட்டி, சத்தம் தகரத்தைத் தட்டுவது போலவே வரும். துளையிட்ட உள்குழாயைச் சுற்றி முதலில் ஸ்டெயின்லஸ் கம்பளி, அதற்கு மேலே பசால்ட் அல்லது பீங்கான் நார் என்று இருப்பதை விற்பவரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். சைலன்சரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் தெரிய வேண்டும். நடுவில் தடுப்பு வைத்து வாயுவை வளைத்து அனுப்பும் பெட்டி வேண்டாம்.

பைப் இரண்டரை அங்குலம் போதும். மூன்று அங்குலம் போட்டால் பைப் தாழ்ந்து தொங்கி, நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றிலும் உரசும், சத்தமும் கரகரப்பாகும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சினுக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. வளைவுகள் கவனம். முச்சக்கர வண்டிக்கும் வானுக்கும் பைப் வளைக்கும் சாதாரண இயந்திரம் வளைவில் பைப்பை நசுக்கிவிடும். உள் விட்டம் குறையாமல் வளைத்த துண்டுகள் கடையில் தனியாகக் கிடைக்கும். அவற்றை வெட்டிப் பொருத்தி ஆர்கன் வெல்டிங்கில் ஒட்ட வேண்டும்.

வெல்டிங் செய்பவரிடம் ஒன்று கேளுங்கள்: பைப்புக்கு உள்பக்கமும் ஆர்கன் விடுவீர்களா? விடாவிட்டால் ஒட்டின் உட்புறம் கறுத்து, சீனிக்கட்டி மாதிரி சொரசொரப்பாகும். வெளியே அழகாக இருக்கும் ஒட்டு, உப்புக் காற்றில் உள்ளிருந்து வெடிக்கத் தொடங்குவது அங்கேதான்.

இன்னொன்றையும் பலர் மறக்கிறார்கள். ஸ்டெயின்லஸ் சூட்டில் நீளும். இரண்டரை மீற்றர் பைப் 400 பாகை சூடேறினால் 17 மில்லிமீற்றர் அளவுக்கு நீளும். குளிரில் காரின் உடலுக்கும் பைப்புக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி விட்டு அழகாகப் பூட்டிய பைப், கந்தளாய் போய்ச் சேரும்போது டக் டக் என்று இடிப்பது இதனால்தான். இரண்டு விரல் இடைவெளி விடச் சொல்லுங்கள். கம்பனி றப்பர் கொளுக்கிகளைப் புதிதாக மாற்றுங்கள். முன்பக்கத்தில் நெளியும் இணைப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். கம்பனி வெப்பத் தகடுகளில் ஒன்றையும் கழற்றி வீசாதீர்கள்.

ஜப்பான் முழு செட்டைப் பற்றிக் கேட்டீர்கள். காசு இருந்தால் அது நல்ல தெரிவுதான். கொளுக்கி, பொல்ட் எல்லாம் தன் இடத்தில் வந்து உட்காரும். ஆனால் விலை, கப்பல் கூலி, வரி எல்லாம் சேர்ந்தால், அதே காசில் நான்கு கொயில், நான்கு பிளக், வயர் செட், நல்ல கொன்வேட்டர் வாங்கி, நான் சொன்ன சைலன்சரும் செய்து முடிக்கலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கொயில்களில் இருந்துதான் தொடங்குவேன்.

*

கேள்வி: அண்ணா, மகன் இந்த ரோட்டரிக் கார் ஒன்று வாங்கி சைலன்சர் மாற்றியிருக்கிறான். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது குழந்தை எழும்பி அழுகிறது. தூரப் பயணத்தில் உள்ளே இருக்கும் எங்களுக்கும் தலையிடி. இந்தக் கார் என்றால் இப்படித்தான் இருக்கும் என்கிறான். உண்மையா?
– ஒரு வாசகி, அலஸ்தோட்டம்

பதில்: உண்மை இல்லை தங்கச்சி. கம்பனியில் இருந்து வரும்போது ஆர்எக்ஸ்-8 மிக அமைதியான கார். சத்தம் எஞ்சினின் குணம் இல்லை, தெரிவு செய்த சைலன்சரின் குணம்.

தலையிடிக்குக் காரணம் சொல்கிறேன், மகனுக்குப் படித்துக் காட்டுங்கள். இரண்டு ரோட்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வாயுவை வெளியே தள்ளும். 3000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு 6000 தடவை, அதாவது செக்கனுக்கு 100. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் 70, 80இல் போகும்போது நாலாம், ஐந்தாம் கியரில் எஞ்சின் 2500க்கும் 3000க்கும் இடையில்தான் நிற்கும். அந்த இடத்தில் வரும் தாழ்ந்த முழக்கம் காரின் உட்கூட்டோடு சேர்ந்து அதிரும். காது கேட்பதை விட நெஞ்சும் தலையும் அதிகம் உணரும். மணிக்கணக்கில் அதற்குள் இருந்தால் யாருக்கும் தலை இடிக்கும்.

இதற்கு மருந்து இருக்கிறது. நடு பைப்பில் இருந்து பக்கவாட்டில் ஒரு கிளைக் குழாயை ஒட்டி அதன் மறுமுனையை அடைத்துவிட வேண்டும். முழக்க அலை அதற்குள் போய் அடைத்த முனையில் மோதித் திரும்பி வரும்போது, எதிரே வரும் அலையோடு சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நீளம் அந்த அலையின் நாலில் ஒரு பங்கு இருக்க வேண்டும். சூடான புகையில் ஒலி செக்கனுக்குக் கிட்டத்தட்ட 450 முதல் 500 மீற்றர் போகும் என்று எடுத்தால், 100 அதிர்வுக்கு ஒரு மீற்றருக்குச் சற்று மேலே வரும். கொஞ்சம் நீளமாக ஒட்டி, ஓட்டிப் பார்த்து, வெட்டிக் குறைத்துச் சரிக்கட்டலாம். வளைத்துத் திருப்பி வைத்தால் அடியில் இடம் போதும். மேல் சுற்றில் வரும் நல்ல சத்தத்தை அது கெடுக்காது, அதனால் மகன் மறுக்கத் தேவையில்லை. நடுவில் ரெசனேட்டர் இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள்.

காலைச் சத்தம் வேறு விஷயம். குளிர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியதும் கொன்வேட்டரைச் சூடாக்க எஞ்சின் தானாகவே கூடிய சுற்றில் ஓடும், அதோடு காற்றுப் பம்ப் ஒன்றும் சேர்ந்து இரையும். அதைக் குறைக்க முடியாது, சிறிது நேரத்தில் தானாக அடங்கும். ஆனால் அயலவருக்காக, ஸ்டார்ட் பண்ணி நிமிடக்கணக்கில் நிறுத்தி வைத்து அக்சிலேட்டரை மிதிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஸ்டார்ட் பண்ணியதும் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால் எஞ்சினும் நல்லாய்ச் சூடேறும், குழந்தையும் தூங்கும். இரைச்சல் சைலன்சர் போட்ட வாகனத்தைப் பொலிஸ் மறித்தால் மகன் பக்கம் கதைக்கச் சட்டமும் இல்லை.

*

கேள்வி: நானா, தம்பி ஒருவர் கொழும்பில் இருந்து 1993 ஆர்எக்ஸ்-7, இரட்டை டர்போ உள்ளது, வாங்கி வந்திருக்கிறார். டர்போவுக்குக் கீழே இருந்து கடைசி வரைக்கும் மூன்று அங்குலப் பைப் போடப் போகிறாராம். முன் கொன்வேட்டரும் நடுக் கொன்வேட்டரும் இருக்காது. ஈசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, கம்பனியுடையதுதான். போடலாமா?
– எம். எஃப்., கிண்ணியா

பதில்: போட வேண்டாம் தம்பி. அவசரமாக அவருக்குச் சொல்லுங்கள்.

டர்போ இல்லாத ஆர்எக்ஸ்-8இல் பைப்பைத் திறந்தால் பெரும்பாலும் சத்தம்தான் கூடும். இந்தக் காரில் பைப்பைத் திறந்தால் எஞ்சினே உடையலாம். கம்பனி அழுத்தம் 10 பிஎஸ்ஐ அளவு. முதல் டர்போவில் இருந்து இரண்டாவதுக்கு மாறும் 4500 சுற்றுப் பக்கம் 8க்கு இறங்கி மீண்டும் 10க்கு வரும். அழுத்தம் அதற்கு மேலே போகாமல் தடுப்பது வேஸ்ட்கேட் என்ற சிறிய கதவு. பின்னால் உள்ள எதிர் அழுத்தம் முழுவதும் போய்விட்டால், வாயு அந்தச் சின்னக் கதவால் போவதை விட்டு டர்போவைச் சுற்றிக்கொண்டே போகும். கதவு முழுதாகத் திறந்திருந்தாலும் அழுத்தம் தானாக ஏறிக்கொண்டே இருக்கும். கம்பனி ஈசியு அந்த அளவு காற்றுக்குப் பெற்றோல் கொடுக்கப் பழக்கப்பட்டதில்லை. பெற்றோல் போதாமல், சூடு கூடி, கலவை தானாக வெடித்தால் ரோட்டர் முனையில் இருக்கும் அபெக்ஸ் சீல் உடைந்து, டர்போவுக்குள்ளும் போகும். சீல் ஒன்று உடைவது என்றால் எஞ்சின் முழுவதும் பிரித்துக் கட்டுவது. இலங்கையில் அந்த வேலையை நம்பிக் கொடுக்கக்கூடிய கை குறைவு.

ஒரு மாற்றம் மட்டும் செய்யலாம், அதை நான் நல்லதென்றே சொல்வேன். டர்போவுக்குக் கீழேயே இருக்கும் முன் கொன்வேட்டரை எடுத்துவிட்டு அந்த இடத்துக்கு நல்ல பைப் போடுவது. 900 பாகையைத் தாண்டிய வாயு அதற்குள் அடைபட்டு நிற்கும்போது பொனட்டுக்குள் எல்லாம் வேகும். அங்கே ஓடும் சின்னச் சின்ன வெற்றிடக் குழாய்கள் காய்ந்து வெடிப்பதும், இரண்டாவது டர்போ ஒழுங்காக வேலை செய்யாமல் போவதும் பெரும்பாலும் அந்தச் சூட்டால்தான். நடுக் கொன்வேட்டரை வையுங்கள். பின் சைலன்சரை நேர்வழிப் பெட்டியாக மாற்றலாம். ஆனால் அதற்கு முன்னம் உண்மையான அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் பூட்டச் சொல்லுங்கள். 10, 11ஐத் தாண்டி முள் ஏறினால் காலை எடுக்க வேண்டும். முழுவதும் திறக்கத்தான் ஆசை என்றால் வேஸ்ட்கேட் துவாரத்தைப் பெரிதாக்கி, புரோகிராம் பண்ணக்கூடிய ஈசியு போட்டு, கலவையை அளக்கும் சென்சரோடு டியூன் பண்ணிய பிறகு. அந்த வரிசை மாறக் கூடாது. பாலம் தாண்டித் திருகோணமலைக்கு அவர் வரும்போது காரையும் கொண்டு வரச் சொல்லுங்கள், கேஜ் பூட்டுவதை நான் காட்டிக் கொடுக்கிறேன்.

*

கேள்வி: கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறோம். எந்தச் சைலன்சர் போட்டாலும் கறள் பிடிக்கிறது. 304 ஸ்டெயின்லஸ் என்று விற்கிறார்கள், நம்பலாமா? பைப்பைச் சுற்றி வெப்பத் துணி சுற்றினால் நல்லதா?
– கே. டி., நிலாவெளி

பதில்: கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டு போங்கள். 409 தர ஸ்டெயின்லஸில் காந்தம் நன்றாக ஒட்டும். அதில் குரோமியம் 11 வீத அளவுதான், நிக்கல் இல்லை என்றே சொல்லலாம். கம்பனிகள் பல அதையே பாவிக்கின்றன, கெட்ட சாமான் இல்லை. ஆனால் நம் கரையில் மேலே செங்கறள் சீக்கிரம் படியும். 304இல் 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல். நேர் பைப்பில் காந்தம் ஒட்டாது, வளைத்த இடத்தில் மட்டும் இலேசாக இழுக்கும். அதைப் பார்த்துப் போலி என்று நினைக்க வேண்டாம். 316இல் மொலிப்டினமும் சேர்வதால் உப்புக்கு இன்னும் கூடத் தாங்கும். விலை கூடும், முழுப் பைப்புக்கும் தேவையில்லை.

304 கூட நிலாவெளிக் காற்றில் தேநீர்க் கறை மாதிரி மங்கும். அது மேற்பரப்புத்தான். கடற்கரை மணலில் ஓடிய அன்றே அடியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், எஞ்சின் ஆறிய பிறகு. ஸ்டெயின்லஸ் பைப்புக்குச் சாதாரண இரும்பு பொல்ட், இரும்பு கிளிப் போடுவது கூடாது. கறள் முதலில் அங்கே தொடங்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும், பிறகு கட்டரால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

வெப்பத் துணி நம் ஊருக்கு வேண்டவே வேண்டாம். அது உப்பு ஈரத்தை உறிஞ்சி, பைப்போடு ஒட்டியபடி பிடித்து வைத்துக்கொள்ளும். மழைக் காலம் ஒன்று போன பிறகு துணியைப் பிரித்தால் அடியில் பைப் புள்ளி புள்ளியாக அரித்திருக்கும். கம்பனி வெப்பத் தகடு போல, பைப்புக்கும் தகட்டுக்கும் இடையே காற்றுப் போகும்படி தகடு அடியுங்கள்.

*

கேள்வி: கனடாவில் இருக்கும் மாமா பாவித்த ஆர்எக்ஸ்-8 சைலன்சர் செட் ஒன்று அனுப்புவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
– ஆர். வி., பாலையூற்று

பதில்: மாமா நல்ல மனதோடு சொல்கிறார். ஆனால் அங்கே பனிக்கு வீதியில் உப்புப் போடுவார்கள். அதில் ஓடிய பைப் ஏற்கனவே பாதி ஆயுள் முடித்திருக்கலாம். கொளுக்கிகள் ஒட்டிய இடம், பைப்புகளை பொல்ட் போட்டு இணைக்கும் பிளேன்ஜ் தட்டின் முகம், சைலன்சரின் அடித் தையல் மூன்றையும் கிட்டப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குலுக்கினால் உள்ளே ஏதாவது உருளுகிறதா என்றும் கேளுங்கள். 2009இல் இருந்து பின் பம்பரின் வடிவம் மாறியது, அதனால் எந்த ஆண்டுக் காரில் இருந்து கழற்றியது என்று தெரிந்துகொள்ளாமல் ஒத்துக்கொள்ள வேண்டாம். கப்பல் கூலி சைலன்சரின் விலையைத் தாண்டினால் மாமாவிடம் நான்கு புதுக் கொயில் கேளுங்கள். பெட்டி சின்னது, உங்கள் எஞ்சினுக்கு அதனால் வரும் நன்மை பெரிது.

*

கேள்வி: புதுச் சைலன்சர் போட்ட பிறகு அக்சிலேட்டரை விடும்போது பட் பட் என்று வெடிக்கிறது. நண்பர்கள் ரேஸ் கார் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். விடலாமா?
– ஜே. எஸ்., சீனக்குடா

பதில்: 1991இல் லு மான்ஸ் 24 மணி நேரப் போட்டியில் மஸ்டா 787பி நான்கு ரோட்டர் எஞ்சினோடு வென்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒரு ஆசை வரத்தான் செய்யும், எனக்கும் இருக்கிறது. ஆனால் உங்கள் கார் வெடிப்பது வேறு காரணத்தால். பைப்பின் இணைப்பில் எங்கோ வெளிக் காற்று உள்ளே போகிறது, அல்லது எரியாத பெற்றோல் பின்னால் வருகிறது.

முதலில் இணைப்பு. எஞ்சின் குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, ஒருவர் வால் முனையைத் தடித்த துணியால் சில செக்கன் மூடிப் பிடிக்கட்டும். மற்றவர் சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு பிளேன்ஜிலும் தெளித்துக்கொண்டு போனால், குமிழி வரும் இடம்தான் ஓட்டை. இணைப்பின் இடையில் வைக்கும் கெஸ்கட் காகிதமாக இருந்தால் மாற்றி, உலோகத் தகடு அடுக்கிய கெஸ்கட் போடுங்கள். முன் ஒக்சிஜன் சென்சருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் எஞ்சின் பிழையான கணக்கில் பெற்றோலைக் கூடக் கொடுக்கும், அதை முதலில் அடையுங்கள்.

ஓட்டை எங்கும் இல்லையென்றால் நான்கு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். ஒன்று மட்டும் ஈரமாக, பெற்றோல் மணத்தோடு இருந்தால் அதற்குரிய கொயில் போய்விட்டது. அதை மாற்றும் வரை காரை ஓடாதீர்கள், கொன்வேட்டர் மிஞ்சட்டும். முற்றத்தில் நிற்கும் காரை இரண்டு அடி நகர்த்திவிட்டு உடனே நிறுத்தும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். ரோட்டரி அப்படித்தான் பெற்றோலில் மூழ்கி அடுத்த நாள் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். நகர்த்தினால் எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ஓடவிட்டு, அப்புறம் நிறுத்துங்கள்.